கழுத்தால் மூச்சு விடுகிறவன்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதையின் நடுவில் என் குரல் உடைந்தது. எங்கள் கோவிலில் அந்தச் செபத்தை முன்னின்று சொல்வது பல வருடங்களாக என் பொறுப்பு. ஒவ்வொரு நிலையிலும் நான் ஒரு வரி சொல்வேன், சனம் மறுவரி சொல்லும். அன்று இயேசு இரண்டாம் முறை விழுகிற நிலைக்கு வந்து வாயைத் திறந்தேன். சத்தத்துக்குப் பதிலாகக் காற்றும் கரகரப்பும் வந்தன. இருமிவிட்டுத் தொடர்ந்தேன். மிச்ச நிலைகளை எப்படியோ சொல்லி முடித்தேன். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நானும்தான்.

என் பெயர் சவிரிமுத்து. திருகோணமலை இறங்குதுறையில், மூதூருக்குப் போகும் லோஞ்சுகளில் (எஞ்சின் படகுகளில்) ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்கும் மேற்பார்வையாளன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தரைப்பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. கிளிவெட்டிச் சனமும் வெருகல் பக்கத்துச் சனமும்கூடப் பட்டணம் வந்துபோக லோஞ்சையே நம்பியிருந்தார்கள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தி அவர்களை வரிசைப்படுத்துவது என் வேலை. நான் கூப்பிட்டால் மூதூரில் இருப்பவனே எழும்பி வருவான் என்று பகிடி பண்ணுவார்கள். கையில் தொழில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். என் தொழில் தொண்டையில் இருந்தது. கோவிலில் எனக்குக் கிடைத்த மரியாதையும் அங்கேதான் இருந்தது.

குரல்வளைப் புற்றுநோய் என்று இப்போதுதான் கேள்விப்பட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். வேலை செய்கிறேன். கதைக்கிறேன். ஆகவே மிச்சத்தை நீங்கள் பதற்றமில்லாமல் வாசிக்கலாம்.

தவக்காலம் முடிந்து பாஸ்காத் திருநாள் கழிந்தும் குரல் திரும்பவில்லை. என் மனைவி ரெஜினா மல்லி அவித்துத் தந்தாள். உப்புத்தண்ணீரால் கொப்பளித்தேன். இறங்குதுறையில் கத்துவதால் வந்த கரகரப்பு, ஓய்வெடுத்தால் போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் லோஞ்சுக்கு ஓய்வு இல்லையே. பிறகு, சோறு விழுங்கும்போது வலது காதுக்குள் ஒரு குத்து வரத் தொடங்கியது.

“காதுக்கை நோகுது எண்டால் காதைக் காட்டுவம்,” என்றாள் ரெஜினா. “தொண்டைக்கு வரமாட்டன் எண்டனீங்கள். காதுக்காவது வாங்கோ.”

அப்படித்தான் அவள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வைத்தியர் காதைப் பார்த்தார். காதில் ஒன்றுமில்லை. பிறகு நாக்கைத் துணியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிறிய கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டு நெடுநேரம் பார்த்தார். தொண்டையில் ஒரு கட்டி இருந்தால் நோவு காதில் தெரியலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் அறிந்தேன். நல்ல காலம் காது நொந்தது. குரல் சில கிழமைகள் கடந்தும் தெளியவில்லை என்றால், காது நோகும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே மயக்கமருந்து தந்து, குழாய் விட்டுப் பார்த்து, பயொப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு வந்த நாளில் சத்திரசிகிச்சை நிபுணர் எங்கள் இருவரையும் கதிரையில் இருத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் சிங்களவர். மொழிபெயர்க்க ஆள் கூப்பிடாமல், தனக்குத் தெரிந்த தமிழிலேயே சொன்னார்.

“இது கெட்ட கட்டி. குரல்நாண் ஒரு பக்கம் அசையுறது இல்ல.”

“கதிர்ச்சிகிச்சையால கரைக்க ஏலாதோ, டொக்டர்?” என்று கேட்டேன். கதிர்ச்சிகிச்சை என்பது கட்டியின் மேல் கதிர் பாய்ச்சி அதை எரிப்பது. அப்படிச் செய்துகொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

“சின்னதா இருந்தா சரி. இப்ப பெரிசு. குரல்வளை முழுக்க எடுக்க வேணும். எடுத்தா நீங்க இருப்பீங்க. குரல் இருக்காது.”

“மூச்சு?”

“கழுத்தில ஒரு ஓட்டை வைப்பேன். அதால மூச்சு.”

அவர் தமிழ் நன்றாகத் தெரிந்தவராக இருந்திருந்தால் அதைச் சுற்றி வளைத்துச் சொல்லியிருப்பார். சொற்கள் குறைவாக இருந்ததால் உண்மை நேராக வந்தது. அதற்காக அவருக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஊர் திரும்பினேன். உண்மையில் நான் யோசிக்கவில்லை. மாட்டேன் என்று தீர்மானித்திருந்தேன். குரல் இல்லாத சவிரிமுத்துவை இறங்குதுறையில் யாருக்கு வேண்டும்? கோவிலில் யாருக்கு வேண்டும்? எங்கள் செபக்குழுவைச் சேர்ந்த ஒரு அம்மா வீடு தேடி வந்து, கத்தி வைக்க விடவேண்டாம், விசுவாசத்தோடு கேட்டால் கட்டி கரையும் என்று உறுதியாகச் சொன்னார். நான் கேட்க விரும்பியது அதைத்தான். மூன்று வேளையும் முழங்காலில் நின்றேன்.

ரெஜினா எங்கள் கோவிலின் பங்குச் சுவாமியைக் கூட்டி வந்தாள். அவர் தேநீர் குடித்து முடித்தார்.

“செபம் பண்ணுறதை விடவேண்டாம்,” என்றார் பிறகு. “பண்ணிக்கொண்டே போய் ஒப்பரேஷன் செய்யுங்கோ. கடவுள் சுகமாக்கிறதெண்டால் இந்தச் சுவருக்குள்ளதான் செய்யவேணும் எண்டு நீங்கள் ஏன் அவருக்குக் கட்டளை போடுறியள்? அந்த டொக்டரையும் அவர்தானே படைச்சவர்.”

“என்ர குரல்தான் சுவாமி நான் அவருக்குக் குடுத்தது,” என்றேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்குள் இரண்டு தரம் இருமினேன்.

சுவாமி பதில் சொல்வதற்கு முன் அடுப்படியிலிருந்து வந்து குசினி வாசலில் நின்ற ரெஜினா சொன்னாள்: “இவ்வளவு காலமும் நீங்கள் முதல் வரி சொல்ல, சனத்தோட நிண்டு நான் மறுவரி சொன்னனான். இனி நான் முதல் வரி சொல்லுறன். நீங்கள் உயிரோட இருந்து கேளுங்கோ. அது காணும் எனக்கு.”

நான் ஒப்பரேஷனுக்குச் சம்மதித்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் போனால் அந்த வீட்டில் அவள் ஒருத்தி.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள், கடைசிக் குரலால் ஏதாவது பெரிதாகச் சொல்லவேண்டும் என்று இருந்தேன். ஆனால் பார்வை நேரம் முழுக்க இருவரும் வீட்டுக் கூரையில் ஒழுகும் இடத்தைப் பற்றித்தான் கதைத்தோம். மறுநாள் காலை தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது, கதவடியில் நின்ற ஊழியர் ஆளைச் சரிபார்க்கப் பெயர் கேட்டார். “சவிரிமுத்து,” என்றேன். என் சொந்தக் குரலில் நான் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

கண் விழித்தபோது ரெஜினாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மூக்கில் காற்று இல்லை, வாயில் காற்று இல்லை. மூச்சு முட்டுகிறது என்று பயந்து எழும்பப் பார்த்தேன். தாதி என் கையைப் பிடித்து என் கழுத்துக்கு முன்னால் வைத்தார். அங்கே சூடாக, ஒழுங்காக, மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. நான் பயந்துகொண்டிருந்த அந்த நேரம் முழுக்க உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அந்தத் துளைக்கு ஸ்டோமா (மூச்சுக்குழாயின் நுனியைக் கழுத்துத் தோலோடு தைத்து வைக்கும் வாசல்) என்று பெயர். முதல் நாட்களில் அதற்குள் ஒரு குழாய் இருக்கும். சாப்பாடு மூக்கு வழியாக விட்ட இன்னொரு குழாயால் போகும். சளி கழுத்தால் வரும். தும்மல்கூடக் கழுத்தால் வரும். மணம் தெரியாது. சூடான தேநீரை ஊதி ஆற்ற முடியாது, மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க முடியாது. இவற்றை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நல்லது என்று அப்போது நினைத்தேன். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் பண்டா என்கிற சிங்கள விவசாயி இருந்தார். கந்தளாய்ப் பக்கம். அவருக்கும் எனக்குச் செய்ததே செய்யப்பட்டிருந்தது. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அறவே இல்லை. குரல் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டோம். இப்போது இருவரிடமும் இருந்தது கையும் முகமும்தான். மூக்குக் குழாயால் பால் போகும்போது அவர் கண்ணை மூடி, விரலை மடக்கி, உறைப்பான மீன்கறியும் சோறும் பிசைந்து சாப்பிடுவதுபோல் நடிப்பார். எனக்குச் சிரிப்பு வரும். சத்தமில்லாத சிரிப்பு, வயிறு மட்டும் குலுங்கும்.

ஒரு பிற்பகல் என் குழாய் சளியால் அடைத்துக்கொண்டது. இழுத்தேன், காற்று வரவில்லை. கூப்பிடக் குரல் இல்லை. தாதிமார் நோயாளர் விடுதியின் மறுகோடியில் நின்றார்கள். கட்டிலைவிட்டு இறங்கினேன், கால் மடிந்து விழுந்தேன். பண்டா பார்த்துவிட்டார். அவராலும் கத்த முடியாது. தன் தகரக் குவளையை எடுத்து இரும்புக் கட்டிலில் ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். தாதி ஓடி வந்து குழாயைக் கழற்றி உறிஞ்சி எடுத்த பிறகும், என் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் காணும்வரை அவர் நிறுத்தவில்லை. குவளை நெளிந்துபோயிருந்தது. கோவிலில் நான் செய்த செபங்களுக்கு வந்த பதில்களில், இவ்வளவு சத்தமாக வந்தது வேறு இல்லை.

செபத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் கிழமை என்னால் செபிக்கவே முடியவில்லை. கடவுள்மேல் கோபமில்லை. வழிதான் தெரியவில்லை. வாயால் சொல்லி, காதால் கேட்டுப் பழகியவன் நான். காதில் ஒன்றும் விழாதபோது, மனதுக்குள் தொடங்கும் மந்திரம் பாதியில் எங்கோ நழுவிப் போகும். ரெஜினா செபமாலையைக் கொண்டுவந்து கையில் தந்தாள். சொற்களை விட்டுவிட்டு மணியை மட்டும் பிடித்தேன். ஒரு மூச்சு கழுத்தால் வெளியே போகும்போது ஒரு மணி நகரும். அடுத்த மூச்சு, அடுத்த மணி. என் மூச்சுத்தான் மந்திரம். சில நாட்களில் அது பழகிப்போனது. அவர் தந்த காற்றை அவரிடமே திருப்பி அனுப்புகிறேன் என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தில் படுத்துக் கிடக்க முடிந்தது.

மனதைத் திடமாக வைத்திரு என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் செய்தது ஒன்றே ஒன்று. காலையில் கண் விழித்ததும், நேற்று நடந்ததில் நன்றி சொல்லத்தக்க ஒன்றைத் தேடிப் பிடிப்பேன். பெரிதாக இருக்கவேண்டியதில்லை. தாதி ஊசியை நோகாமல் குத்தினார். சன்னலால் வெயில் கால்மாட்டுக்கு வந்தது. பண்டா இன்று ஆட்டிறைச்சி சாப்பிட்டுக் காட்டினார். தேடியும் ஒன்றும் கிடைக்காத காலைகளும் இருந்தன. அன்றைக்கு, தேடினேன் என்பதற்காக நன்றி சொன்னேன்.

காயம் ஆறியதும் கதிர்ச்சிகிச்சை தொடங்கியது. கிழமைக்கணக்கில் போகும் அலுவல் அது. கழுத்துத் தோல் வெந்து கறுத்தது, எச்சில் வற்றியது. ரெஜினா கன்னியர் மடமொன்றில் தங்கி, வெளியூர்த் தமிழர் எல்லாரையும்போலப் பொலிஸில் பெயர் பதிந்து, நாள்தோறும் இரண்டு பஸ் ஏறி வந்து போனாள். அந்த நாட்களில்தான் பேச்சுப் பயிற்சியாளர் என்னைப் பார்க்க வந்தார். இளம் பெண். உணவுக்குழாய்க் குரல் என்று ஒன்று உண்டு என்றார். நாக்கால் காற்றை உள்ளே அழுத்தி, அதை ஏப்பம்போல் திருப்பி எடுத்து, அந்தச் சத்தத்தைச் சொல்லாக்குவது. ப, ட, க போன்ற வல்லின எழுத்துகளில் தொடங்கவேண்டும். எல்லாருக்கும் அது வராது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் முயன்றேன். வயிறு உப்பியது. சொல் வரவில்லை.

சொல் இல்லாமலேதான் ஊருக்குப் புறப்பட்டோம்.

பஸ் போகும் வழியில், கந்தளாய்க்கு இப்பால் ஒரு சோதனைச்சாவடி. எல்லாரும் இறங்கி நடக்கவேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. வைத்தியரின் கடிதம் ரெஜினாவின் பையில், அந்த மற்ற வரிசையில் போய்விட்டது. கழுத்தைச் சுற்றித் துணி, துணிக்கடியில் ஏதோ புடைப்பு, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சிப்பாய் என்னை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினான். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டான். வாயசைத்தேன். திரும்பக் கேட்டான். மூன்றாம் தரம் கேட்டபோது துவக்கு என் பக்கம் திரும்பியிருந்தது.

கையைத் துணிக்குக் கொண்டுபோனால் சுடுவான் என்று தெரிந்தது. கொண்டுபோகாவிட்டால் விடமாட்டான் என்பதும் தெரிந்தது. இரண்டு கையையும் மெதுவாக உயர்த்தினேன். உள்ளே மூச்சுக்கு ஒரு மணி நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அது எப்படி நகர்ந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நகர்ந்தது. அவன் துவக்கு நுனியால் துணியை விலக்கினான். பார்த்தான். ஒரு அடி பின்னால் போனான். அவன் வயது இருபதைத் தாண்டியிருக்காது.

நான் உயர்த்திய கையில் ஒன்றை அவன் பக்கம் நீட்டினேன். என்ன நினைத்தானோ, துவக்கைத் தாழ்த்தித் தன் இடது கையைத் தந்தான். அந்தக் கையைப் பிடித்து, உள்ளங்கையை என் கழுத்துக்கு முன்னால் வைத்தேன். மூச்சு அவன் கையில் பட்டது. அவன் கையை இழுக்கவில்லை. இன்னொரு மூச்சு. இன்னொன்று.

“ரிதெனவாத?” என்று கேட்டான். நோகுதா என்று அர்த்தம். இல்லை என்று தலையாட்டினேன்.

அவன் துணியைத் தானே இழுத்துச் சரியாக்கிவிட்டு, போகச் சொன்னான். பெண்களின் வரிசையிலிருந்து ரெஜினா கடிதத்தை உயர்த்திப் பிடித்தபடி ஓடி வந்தாள். கடிதம் தேவைப்படவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு அவள் என் தோளில் முகம் வைத்து அழுதாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இந்த உடம்பாலும் ஒரு விஷயத்தை விளங்கப்படுத்தலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

லோஞ்ச் முதலாளி என்னை வேலையால் நிறுத்தவில்லை. பழைய இடத்துக்கே வரச் சொல்லி, கத்துவதற்குப் பதிலாக ஒரு விசிலைத் தந்தார். நான் அதை உதட்டில் வைத்தேன். கழுத்தால் காற்றுப் போனது. அவர் தலையில் கைவைத்தார். பிறகு இருவரும் சிரித்தோம். மறுநாள் பழைய தண்டவாளத் துண்டொன்றைத் இறங்குதுறைத் தூணில் கட்டித் தொங்கவிட்டு, அடிக்க ஒரு இரும்புக் கம்பி வைத்துக்கொண்டேன். பண்டாவின் குவளையிலிருந்து வந்த யோசனைதான். ஏறுவதற்கு ஒரு அடி, விலகுவதற்கு இரண்டு. சனம் சீக்கிரமே பழகிக்கொண்டது.

கடலில் இறங்குவதை விட்டேன். கழுத்தளவு தண்ணீர் எனக்கு இப்போது தலைக்கு மேல் தண்ணீர். பாரம் தூக்குவதும் குறைந்தது, ஏனென்றால் மூச்சைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் எஞ்சின் இரைச்சல் எனக்கு உதவியாக இருந்தது. அந்த இரைச்சலுக்குள் நின்று யாருக்கும் கேட்காமல் பயிற்சி செய்தேன். காற்றை அழுத்து, திருப்பி எடு. ப. ட. க. மாதக்கணக்கில் வயிற்றுப் பொருமலைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

ஒரு காலை, லோஞ்ச் எஞ்சினை நிறுத்தப்போவதைக் கவனிக்காமல் முயன்றுகொண்டிருந்தேன். எஞ்சின் நின்றது. அதே கணத்தில் என் வாயிலிருந்து தடித்த, கரடுமுரடான ஒரு சத்தம் வெளியே வந்தது.

“அப்பா.”

பக்கத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு நின்ற மூதூர்ப் பெண் திரும்பிப் பார்த்தார். “என்னண்ணை, காலமைச் சாப்பாடு செமிக்கேல்லையோ?” என்று கேட்டார்.

என் வயிறு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. என் அப்பா இறந்து கனகாலம். என்னை அப்பா என்று கூப்பிடப் பிள்ளையும் இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லி நான் கூப்பிட ஒருவர்தான் இருக்கிறார். ஒரு வருடமாக மூச்சையும் மணியையும் வைத்து அவரோடு இருந்தேன். இப்போது முதல் சொல்லை அவருக்கே கொடுத்திருக்கிறேன், அதுவும் தெரியாமல். வீட்டுக்குப் போய் ரெஜினாவின் முன்னால் நின்று திரும்பச் சொன்னேன். அவள் கையிலிருந்த அகப்பையை வைத்தாள்.

“அப்பா எண்டனீங்கள்,” என்றாள். பிறகு குசினிச் சுவரில் தொங்கிய சிலுவையைப் பார்த்துக்கொண்டு, “விளங்குது,” என்றாள்.

அதன்பின் வந்த தவக்காலத்தில் அவள் முதல் வரி சொன்னாள். நான் சனத்தோடு நின்றேன். என் குரல் வருவதற்குள் அவர்கள் மறுவரியை முடித்துவிடுவார்கள். ஆகவே எல்லாரும் அமைதியான பிறகு, பின்வரிசை வாங்கிலிருந்து என்னுடைய மறுவரி தனியாக வரும். முதல் வெள்ளிக்கிழமை சிறுபிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் வெள்ளிக்கிழமைக்குள் ரெஜினா எனக்காக ஒரு கணம் நிறுத்தி, பிறகு அடுத்த நிலைக்கு நகரப் பழகியிருந்தாள். செபக்குழு அம்மாவும் நின்று காத்திருந்தார். கத்தி வேண்டாம் என்று அவர் சொன்னதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை, கதைக்கத் தேவையுமில்லை.

சில வருடங்கள் போயின. யுத்தம் முடியவில்லை. லோஞ்ச் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. கட்டி திரும்பி வரவில்லை. ஒரு நாள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வைத்தியர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மூதூரைச் சேர்ந்த மீனவர் ஒருவர், பெயர் ஹனீபா, என் நோய்தான். சத்திரசிகிச்சைக்கு மாட்டேன் என்று நிற்கிறார். நீங்கள் வந்து ஒரு வார்த்தை கதைத்தால் நல்லது என்றார்.

ஹனீபா கட்டிலில் சுவரைப் பார்த்துச் சரிந்திருந்தார். மனைவி கால்மாட்டில் இருந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டு, கழுத்துத் துணியை அவிழ்த்துக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

நான் ஒரு வாய்க் காற்றுக்கு நாலைந்து சொல்தான் சொல்வேன். நிறுத்தி, எடுத்து, திரும்பச் சொல்லவேண்டும். “நானும்... இப்பிடித்தான்... மாட்டன் எண்டனான்,” என்றேன்.

“நானா, மீன் மணம் தெரியுமா ஒங்களுக்கு?” என்று, அண்ணனைக் கூப்பிடும் முறையில் என்னைக் கூப்பிட்டு, மனைவி கேட்டார்.

“இல்லை,” என்றேன். “ருசி... கொஞ்சம் தெரியும்.”

“கடலுக்கு?” என்று ஹனீபா கரகரத்தார்.

“வள்ளத்தில போகலாம். தண்ணிக்கை... இறங்க ஏலாது.”

பிறகு, உண்மையில் அவரை வருத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார். “தொழேக்க தலைய நெலத்தில வெக்கணும். அப்ப மூச்சு நிண்டிடுமா?”

நான் பதிலைச் சொல்லால் சொல்லவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு, அந்த விடுதித் தரையில் முழங்காலில் நின்று, குனிந்து, நெற்றியைச் சீமெந்தில் வைத்தேன். என் செபத்தில் அப்படி வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் அவருக்கு அது தெரியவேண்டியிருந்தது. அப்படியே கிடந்தேன். மூச்சு கழுத்தால் தரையில் பட்டு, என் முகத்துக்குச் சூடாகத் திரும்பி வந்தது. அவசரமில்லாமல் வந்தது. முன்பெல்லாம் நான் ஒரு மூச்சில் ஒரு செபத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்கு ஓடுகிறவன். இப்போது ஒரு மூச்சுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிகிறது. போவதற்கு ஒரு நேரம், நிற்பதற்கு ஒரு நேரம், திரும்பி வருவதற்கு ஒரு நேரம். நெற்றி குளிர்ந்தது. நான் எழும்பவில்லை. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

நிமிர்ந்தபோது ஹனீபா கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார்.

“கொழும்பில ஒப்பரேஷன் வெச்சா,” என்றார், “நீங்க வருவீங்களா?”

நான் காற்றை எடுத்தேன். அந்தக் காற்று வரும்வரை அவரும் மனைவியும் காத்திருந்தார்கள். எனக்கும் அவசரம் இருக்கவில்லை.

“ஓம்,” என்றேன்.